ஒட்டியாணம் இறுக்கமாம்

ஜன்னலோரமா வந்து நின்னுக்கினு தண்ணி பாட்டிலை நீட்டினாரே, அவரை நல்லாப் பாத்தியாம்மா? மீசையப் பாத்தியா? அவருதான் எங்க வூட்டுக்காரரு.

நான் பாட்டிலை வாங்காம மூஞ்சியத் திருப்பிக்கினதும் நீ என்னை ஒரு மாதிரி பாத்தே. கவனிச்சேன். பாவம் மனுசன், இந்த வெயில்ல பஸ்ஸு கிளம்பற வரைக்கும் நிக்கிறாரு, இந்தப் பொம்பளைக்கு இன்னா திமிருன்னு நினைச்சிருப்பே. நினைச்சா நினைச்சுக்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. அவரு மூஞ்சி வாகு அது. பாத்தா யாருக்கும் பாவமாத்தான் இருக்கும். அந்த மூஞ்சிய வச்சுத்தானே முப்பது வருசமா செய்யாறு சுத்துப்பட்டு ஊரையெல்லாம் அழ வச்சாரு.

நீ ஆரணி வரைக்குமா? நான் அதுக்கு முன்னாடியே இறங்கிடுவேன். எங்க தம்பி வூட்டுக்குப் போறேன். எத்தினி நாளைக்குன்னு கேக்காதே. எனக்கே தெரியாது.

கூத்து பாத்திருக்கியா நீ? தெருக்கூத்து. சினிமாவுல காட்டறது இல்லம்மா, அசல் பாரதக் கூத்து. திரௌபதி அம்மன் கோயில்ல கொடியேத்தி, பாரதம் படிச்சு, கடைசியில துரியோதனனை மண்ணுல பொம்மையா செஞ்சு படுக்க வச்சு, அவன் தொடையப் பொளந்து, அம்மா கூந்தலை முடிப்பாளே, அது. அந்த அம்மாதான் எங்க வூட்டுக்காரரு. திரௌபதி ஆதிமூலம்னு யாரை வேணா கேளு. பாரு, உன்னால அவரு பேரைச் சொல்லிட்டேன். நான் சொல்றதில்ல.

அவருக்கு டோப்பா கிடையாது தெரியுமா? சவுரியும் கிடையாது. சொந்த முடி. அவுத்து வுட்டா இடுப்புக்குக் கீழ நிக்கும். பொண்ணு பாக்க வந்தப்போ எங்க அத்தை கேட்டுச்சு, 'ஏண்டி பவுனு, உங்க ரெண்டு பேருல யாரு யாருக்குப் பூ வச்சு வுடறது?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. நான் சிரிக்கலை. நான் அந்த முடியத்தான் பாத்துக்கினு இருந்தேன். இம்மாம் முடிய எப்படிப் பராமரிக்கிறது, தனியா ஒரு ஆளு வேணுமேன்னு.

அந்த ஆளு நான்தான். அரப்பு தேய்க்கிறது, சாம்பிராணி காட்டறது, சிக்கெடுக்கிறது. எனக்குத் தலை வாரிக்க நேரம் இருந்ததில்ல. என் முடி கொட்டிப் போச்சு. போனாப் போவுது, எனக்கு எதுக்கு?

வேசம் கட்டறதும் என் வேலைதான். கூத்துக் கொட்டாய்க்குள்ள பொம்பளை வரக்கூடாதுன்னு சட்டம். அதனால ஊர்ல எந்த வூட்டுலயாவது ஒரு அறை கேட்டு வாங்கி அங்க வச்சுக் கட்டி வுடுவேன். நெத்திச்சுட்டி, மாட்டல், கழுத்துக்குப் பட்டை, வங்கி, ஒட்டியாணம், அம்மாம் நகையும் என் கையால பண்ணது. பொன்னு இல்ல, எல்லாம் கட்டை. கல்யாண முருங்கை இருக்குதே, அந்த மரம் தக்கை மாதிரி லேசா இருக்கும். அதை நெழல்ல காய வச்சு, உளியால செதுக்கி, புளியங்கொட்டைப் பசை தடவி, ஜிகினாத் தாளு ஒட்டி, அதும் மேல கண்ணாடிச் சில்லு பதிப்பேன். சில்லு வெட்டறதுலதான் எல்லாம் இருக்குது. ஓரம் மழுங்கலைன்னா சதையக் கிழிச்சுடும். துரியோதனனுக்குக் கிரீடம், புஜக்கட்டை எல்லாங்கூட நான் பண்ணுவேன். ஆர்டருக்குக் குறைச்சல் இல்லம்மா. பெங்களூருலேருந்து வந்து கேக்கிறாங்க. ஆனா அவருக்குப் பண்றது வேற. அவரு நகைக்கு நான் ரெண்டாந்தரம் சில்லு வச்சதே இல்ல.

கட்டி முடிச்சு, பொட்டு வச்சு, கண்ணாடிய அவரு முன்னாடி புடிப்பேன். அவரு பாப்பாரு. அப்பால நான் கும்புடுவேன். சிரிக்காதே. புருசனைக் கும்புடலை. அங்க புருசன் ஏது? அம்மாதான் நிப்பா. வெளிய வந்தா பொம்பளைங்க காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. புள்ளை இல்லாததுங்க மடிப்பிச்சை கேக்குங்க. நான் பின்னாடி பொட்டியத் தூக்கிக்கினு நிப்பேன். என்னை யாரும் பாக்க மாட்டாங்க. நான் அதுக்கு வருத்தப்பட்டதே இல்ல. சத்தியமா.

இந்த வருசம் மாசியில வந்துச்சு கேடு. எங்க கூத்து செட்டு வாத்தியாரு தேவராசன், ஒரு பொண்ணைக் கூட்டிக்கினு வூட்டுக்கு வந்தாரு. பேரு அமுலு. ஷூ கம்பெனியில வேலை பாத்துக்கினு இருந்துச்சாம். அதை வுட்டுட்டு கூத்து கத்துக்கப் போயி, எங்கியோ ரெண்டு வருசம் ஆடினிச்சாம். 'ஆதிமூலம், இந்தப் புள்ளைக்குக் குரல் இருக்குது, திரௌபதி வேசத்தைப் பழக்கிக் குடு'ன்னாரு வாத்தியாரு. நான் உள்ளேருந்து கேட்டுக்கினு இருக்கேன். இவரு எகிறிக் குதிப்பாரு, தூக்கி எறிஞ்சு பேசுவாருன்னு பாத்தா, 'சரிங்க வாத்தியாரே'ன்னாரு. அவ்ளோதான். காய்கறிக்காரன் கிட்ட 'சரி போடு'ன்னு சொல்ற மாதிரி.

அவங்க போனதும் கேட்டேன். 'இன்னாய்யா இது?'

'எனக்கு முட்டி வலிக்குது பவுனு. சுத்து ஆட முடியலை. அந்தப் புள்ள ஆசையாக் கேக்குது.'

'முட்டி வலிச்சா எண்ணெய் போட்டு உருவி வுடறேன். அதுக்காக வேசத்தைத் தூக்கிக் குடுப்பாங்களா?'

அவரு முட்டியத் தேய்ச்சு வுட்டுக்கினாரு. அப்பால சொன்னாரு, 'இத்தினி வருசமா நான் தெருவுல நடந்தா பசங்க இன்னா சொல்லிக் கூப்புடுவானுங்கன்னு உனக்குத் தெரியாது. நான் உன்கிட்ட சொன்னதில்ல.'

கலைஞன்னா நாலு பேரு நாலு சொல்லுவான். அதையெல்லாம் காதுல போட்டுக்கினா முடியுமா? அதைத்தான் அவருகிட்டயும் சொன்னேன். சொல்லிட்டு சோறு போட்டேன். சாப்புட்டாரு. நல்லாத்தான் சாப்புட்டாரு.

கொஞ்ச நாள் கழிச்சு, மத்தியானம், நான் பசை காய்ச்சிக்கினு இருக்கேன். வாசல்ல நெழலு தெரியுது. யாரோ ஒரு ஆம்பளை கேக்காம கொள்ளாம வூட்டுக்குள்ள வர்றான். 'யாருய்யா அது'ன்னு துடைப்பத்தை எடுத்துட்டேன். பாத்தா இவரு. கிராப்பு வெட்டிக்கினு வந்து நிக்கிறாரு. பிடரி வெள்ளை வெளேர்னு, வெயிலே படாத தோலு, உரிச்ச கோழி மாதிரி. கையில ஒரு மஞ்சப் பை. பையில அந்த முடி.

'அமுலுக்கு முடி கம்மி. டைபாய்டு வந்து கொட்டிப் போச்சாம். இதை வச்சு ஒரு சவுரி கட்டிக் குடுத்துடு'ன்னாரு.

நான் எண்ணெய் தேய்ச்ச முடிம்மா. என் கையால வளத்த முடி. எவளோ ஒருத்தி தலையில நானே கட்டி வுடணுமாம். நான் அழலை. கரண்டியப் போட்டுட்டு கொல்லைப் பக்கம் போயிட்டேன். பசை அடி புடிச்சுப் போச்சு.

அப்பால மீசை வந்துச்சு. மேலுதட்டுல கரி இழுவின மாதிரி ஆரம்பிச்சது, இப்போ நீ பாத்தியே, அப்படி. காலையில எழுந்து கண்ணாடி முன்னாடி நின்னு அதைத் தடவித் தடவிப் பாக்கிறாரு. நான் வேசத்துக்குப் புடிக்கிற கண்ணாடி. டீக்கடையில காலை அகட்டிப் போட்டு உக்காந்து பீடி குடிக்கிறாரு. ஒரு நாளு விசில் அடிச்சுக்கினே வூட்டுக்கு வந்தாரு! இத்தினி வருசத்துல அவரு விசில் அடிச்சு நான் கேட்டதே இல்ல. எனக்கு அவரு பக்கத்துல படுக்கவே கூச்சமாப் போச்சு. வேத்து ஆளு மாதிரி. அவருக்கு மனசு ஒடிஞ்சு போச்சும்மா, அதை மறைக்கத்தான் அப்படியெல்லாம் ஆடறாரு. நான் பொண்டாட்டி, எனக்குத் தெரியாதா? கூத்துல இப்போ விதுரன் வேசமாம். ஓரமா நின்னு நாலு நியாயம் சொல்லிட்டுப் போற வேசம். அதுக்கு நகை கூட வேணாம், ஒரு துண்டு போதும்.

சவுரி கட்டினேன். கட்டாம இன்னா பண்றது, வாத்தியாரு ரெண்டு தரம் ஆளு அனுப்பிட்டாரு. நகையும் புதுசா பண்ணணும்னாரு. அவரு நகை அவளுக்குப் பெருசு. அளவெடுக்க வந்தா அந்தப் பொண்ணு. 'அத்தை, அத்தை'ன்னு ஒரே அத்தை. எவ அத்தை? 'இந்தச் சில்லை எப்படி அத்தை இவ்ளோ சின்னதா வெட்டறீங்க? இது இன்னா மரம் அத்தை?' எதையும் தொட்டுப் பாக்கணும். ஜிகினாத் தாளை எடுத்து மூஞ்சி மேல வெளிச்சம் அடிச்சுப் பாக்கிறா. நான் தாளைப் புடுங்கிப் பொட்டியில வச்சேன். நூலை எடுத்து இடுப்பளவு எடுத்தேன். மூச்சை இழுத்துப் புடிச்சுக்கினு நின்னா போல. இந்தக் காலத்துப் பொண்ணுங்க அப்படித்தான், இடுப்பு சின்னதாக் காட்டணும்.

ஒட்டியாணம் பண்ணேன். பில்லை பில்லையாச் செதுக்கி, பின்னாடி துணி வச்சுத் தச்சேன். நடுவுல அன்னம் வச்சேன். அப்படி ஒரு அன்னம் நான் அவருக்குக் கூடப் பண்ணதில்ல, அது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலை. போட்டுப் பாத்துட்டு, 'கொஞ்சம் புடிக்குது அத்தை'ன்னா. 'ஒட்டியாணம்னா புடிக்கத்தான் செய்யும்'னேன். சரின்னுட்டா.

அவருக்குப் பண்ணும்போது ரெண்டு விரலு உள்ள போற மாதிரி வுடுவேன். பாடறவங்களுக்கு வயிறு அசையணும் இல்ல? அடிவயித்துலேருந்து மூச்சு எடுக்கணும். இவளுக்கும் வுட்டேன்னுதான் எனக்கு நினைப்பு. துணி தண்ணி பட்டா சுருங்கும், அதுக்கு நான் பொறுப்பா?

பாடறதைப் பத்தி எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கிறியா?

எங்க நைனா முகவீணை ஊதறவரு. நாகசுரம் மாதிரி, ஆனா சின்னதா, கையளவு இருக்கும். ராவெல்லாம் கூத்துல ஊதுவாரு, பகல்ல கட்டை செதுக்குவாரு. அவருகிட்ட கத்துக்கினதுதான் எல்லாம். முகவீணைக்கு வாயில வைக்கிற சீவாளி இருக்குதே, நாணல் தட்டையச் சீவி நூலு சுத்திக் கட்டறது, அதையும் நான்தான் கட்டுவேன். நான் கட்டினா சுருதி பிசகாதுன்னு நாலு செட்டுக்காரங்க வாங்கிக்கினு போவாங்க. ஆனா நான் கட்டின சீவாளிய நான் வாயில வச்சுப் பாக்கக் கூடாது. பொம்பளை எச்சில் படக்கூடாதாம். கட்டிக் குடுத்துட்டு நைனா மூஞ்சியப் பாத்துக்கினு நிப்பேன். அவரு ஊதித் தலையாட்டினா சரி.

நைனா சாதகம் பண்ணும்போது கேட்டுக் கேட்டு பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். திரௌபதி பாட்டு அத்தினியும். ஒரு நாளு மரம் செதுக்கிக்கினே பாடறேன், நைனா வாசல்ல நின்னு முழுசாக் கேட்டாரு. முடிச்சதும் கிட்ட வந்தாரு. கண்ணுல தண்ணி. 'இந்தக் குரல் ஆம்பளைக்கு வந்திருந்தா நான் ராசாடி'ன்னாரு. சொல்லிட்டு, 'இனிமே பாடாதே. வெளிய கேட்டா சிரிப்பாங்க'ன்னாரு. நான் பாடலை. பெரியவங்க சொன்னா கேக்கணும். பொம்பளை கூத்தாடக் கூடாது, அம்மனுக்கு ஆவாதுன்னு சொன்னாங்க. சரின்னு இருந்துட்டேன். நியாயந்தானே அது?

கல்யாணம் ஆனப்போ அவருக்கு நாலு பாட்டுக்கு மேல தெரியாது. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு நினைக்கிறே? கதவைச் சாத்திக்கினு நான்தான். மெதுவா, பக்கத்து வூட்டுக்குக் கேக்காம. அது எங்க ரெண்டு பேருக்கும் மட்டுந்தான் தெரியும். அவரு நல்லாப் பாடுவாரு, ஆனா கூந்தல் முடிக்கிற பாட்டுல 'அண்ணா'ன்னு கிருஷ்ணனைக் கூப்புடற எடம் ஒண்ணு இருக்குது, அது மட்டும் அவருக்குக் கடைசி வரைக்கும் வரலை. அங்க குரலைக் கீழ எறக்கி, நின்னு, சடார்னு மேல தூக்கணும். அவரு எறக்குவாரு, தூக்கமாட்டாரு. ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்தப் பொண்ணை இப்போ அம்மனுக்கு ஆவும்னு சொல்றாங்களேம்மா! அதே செட்டு, அதே வாத்தியாரு. அப்போ ஆவாதது இப்போ எப்படி ஆவும்? மாறிப் போச்சுன்னா என்னிக்கு மாறிச்சு? மாறின அன்னிக்கு என்கிட்ட யாராவது வந்து சொன்னாங்களா? வேணாம்னா எல்லாருக்கும் வேணாம்னு இருக்கணும். அதைத்தான் கேக்கிறேன். பொறாமைன்னு சொல்றாரு அவரு. எனக்கு எதுக்குப் பொறாமை? நான் அவருக்காகத்தான் பேசறேன்.

சரி, கேளு. படுகளத்துக்கு வர்றேன்.

போன வாரம் படுகளம், துரியோதனன் சாவற கடைசி நாளு. அது பகல்ல நடக்கும். வெட்டவெளியில துரியோதனனை மண்ணாலயே மல்லாக்கப் படுக்கப் போட்டிருக்காங்க, தென்னை மரம் உசரத்துக்கு நீளம். சுத்தி ஊரே நிக்குது. வெயில் மண்டையப் பொளக்குது. அந்த ஊர்ல அதுக்கு மைக்கு கட்டலை. பொம்மையச் சுத்தி நடந்துக்கினே பாடணும். காலையில அவளுக்கு நான்தான் வேசம் கட்டி வுட்டேன். இவரு முடி அவ தலையில. ஒட்டியாணத்தை இழுத்துக் கொக்கி மாட்டினேன். ஒண்ணும் சொல்லலை அவ. உதட்டைக் கடிச்சுக்கினா. கண்ணாடி புடிச்சேன். கும்புடலை.

நான் போயி பொம்மை தலைமாட்டுப் பக்கம் பொம்பளைங்களோட பொம்பளையா நின்னுக்கினேன். பீமன் கதையால தொடையில அடிச்சான். மேளம் கிழியுது. அமுலு வந்தா. விரிச்ச கூந்தலோட, ஒரு சுத்து வந்தா. ஆரம்பிச்சா.

'அவிழ்ந்த குழலை அள்ளி முடிக்கும் நாளும் வந்ததோ…'

நல்லாத்தான் எடுத்தா. பொய் சொல்லக் கூடாது. இந்தண்டை ஒரு கிழவி அப்பவே மூக்கைச் சிந்துறா. அடுத்தது அந்த 'அண்ணா'. வாயைத் தொறந்தா. வரலை. இன்னொரு தரம் மூச்சை இழுத்தா, தோளு தூக்குதே ஒழிய வயித்துக்கு மூச்சு எறங்கலை. மூஞ்சி வெளுத்துப் போச்சு. மேளக்காரரு கையை நிறுத்திட்டாரு. முகவீணைக்காரரு மட்டும் அந்த சுருதியப் புடிச்சுக்கினே நிக்கிறாரு, வுடலை, அது நான் கட்டின சீவாளி. ஊரு மொத்தமும் சத்தமில்லாம நிக்குது. ஒரு நொடிதான் இருக்கும்.

நான் பாடிட்டேன்.

பாடணும்னு நினைக்கலைம்மா. அந்த சுருதி அங்க காலியா நிக்குது, எனக்குத் தாங்கலை. 'அண்ணா…'ன்னு எடுத்தேன். கீழ எறக்கி, நின்னு, மேல தூக்கினேன். அம்மாம் சத்தமா என் ஆயுசுல நான் பாடினதில்ல. என் காதுக்கே அது வேற யாரோ. கண்ணை மூடிக்கினேன். தொறந்து பாத்தா ஊரு மொத்தமும் மண்ணுல வுழுந்து கும்புடுது. 'அம்மா வந்துட்டா! அம்மாவே பாடறா!' பொம்பளைங்க நாலு பேருக்குச் சாமி வந்துடுச்சு. என் பக்கத்துல இருந்த கிழவி என் கையையே இறுக்கிப் புடிச்சுக்கினு, 'கேட்டியாடி, அம்மன் குரலைக் கேட்டியாடி'ங்கிறா. என்கிட்டயே சொல்றா!

பூசாரி ஓடி வந்து கற்பூரத்தைக் கொளுத்தி அமுலுக்குக் காட்டறாரு. அவளுக்கு அதுக்குள்ள மூச்சு வந்துடுச்சு. மிச்சத்தை அவளே பாடினா. பொம்மை தொடையில ரத்தம்னு ஊத்தின செவப்புத் தண்ணியத் தொட்டுக் கூந்தல்ல தடவி முடிஞ்சா. அந்த முடி எங்க வூட்டு முடி. நகை என் நகை. பாட்டு என் பாட்டு. காலுல வுழுந்தது பூரா அவ காலுல. யாரு பாடினதுன்னு அந்த ஊர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், திரும்பிப் பாக்கலைம்மா.

இவருக்குத் தெரியும். தெரியாம இருக்குமா? விதுரன் வேசத்துல, துண்டைப் போட்டுக்கினு எதிர்ல நின்னவரு. நேரா என்னைத்தான் பாத்தாரு. ஏதோ சொல்லப் போறாருன்னு நினைச்சேன். இத்தினி வருசத்துல ஒரு தரமாவது 'இவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா'ன்னு நாலு பேரு முன்னாடி சொல்ல மாட்டாரான்னு. இப்பவாவது சொல்லுவாருன்னு.

வேசம் கழட்டற எடத்துக்குப் போனேன். அவரு முன்னாடியே வந்து அந்தப் பொண்ணோட ஒட்டியாணத்தை அவுத்துக்கினு இருந்தாரு. கொக்கி வரலை. ரெண்டு கையாலயும் இழுத்துத்தான் எடுத்தாரு. இடுப்பைச் சுத்தி செவசெவன்னு தடம், பில்லைக்குப் பில்லை அச்சு வுழுந்து கெடக்குது. அன்னங்கூட. அவரு அந்த ஒட்டியாணத்தைக் கையில வச்சுப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

'ஏன் பவுனு?'ன்னாரு.

'ஏன்னா? இன்னா ஏன்? சபையில பாட்டு நின்னு போச்சே, நான் பாடலைன்னா மானம் போயிருக்கும், அதைக் கேளு'ன்னேன்.

'இது இறுக்கமா இல்லாம இருந்தா அந்தப் புள்ளையே பாடியிருக்கும்'னாரு. அவ்ளோதான் சொன்னாரு. திட்டலை. கையை ஓங்கலை. கீழ வச்சுட்டு எண்ணெய் வாங்கிக்கினு வர வெளிய போயிட்டாரு, அவ இடுப்புக்குத் தடவ. நான் அடுப்புல கையைச் சுட்டுக்கினா ஊதி வுட்டிருப்பாரா?

இறுக்கமாம். இறுக்கமா இருந்தா அவ சொல்லக் கூடாதா? வாய் இல்ல? 'அத்தை கொஞ்சம் தளத்தி வுடுங்க'ன்னு சொன்னா மாட்டேன்னா சொல்லப் போறேன்? முன்னாடி ஒரு தரம் சொன்னா, சரி. ஒரு தரம் சொன்னா போதுமா?

மறுநாளு அவ வூட்டுக்கு வந்தா. இவரு இல்ல. சண்டைக்குத்தான் வர்றான்னு நான் முந்தானைய வரிஞ்சுக்கினு நின்னேன். அவ சண்டை போடலை. செருப்பைக் கழட்டிட்டு வாசப்படிக்கு வெளியவே நிக்கிறா.

'அத்தை, நேத்து பாடினது நீங்கதானே?'

ஊரே அம்மன்னு சொல்லுது, இவ எப்படிக் கண்டுபுடிச்சா?

'நானா? நான் கண்ணாடி ஒட்டறவ. எனக்கு இன்னா பாட்டு தெரியும்'னேன்.

'மாமா அந்த 'அண்ணா'வ அப்படித் தூக்க மாட்டாரு அத்தை. அவருகிட்ட கத்துக்கறப்போ எனக்கு அந்த எடம் ஒட்டவே இல்ல. ஏதோ கொறையுதுன்னு தெரியும், இன்னான்னு தெரியலை. நேத்து நீங்க தூக்கினதும்தான் புரிஞ்சுது. ஒரே ஒரு தரம் சொல்லிக் குடுங்க அத்தை.'

அவ கண்ணுல தண்ணி நிக்குதும்மா. நடிப்பு. கூத்தாடி இல்ல அவ?

நான் சொன்னேன், 'அம்மன்தானேடி பாடினா? ஊரு பூரா சொல்லுதே. கோயில் தொறந்துதான் கெடக்குது, போயி அவளைக் கேளு.' சொல்லிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். சரியாத்தானே சொன்னேன்? நீயா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பே.

கதவைச் சாத்திட்டு சுவத்துல சாஞ்சுக்கினு உக்காந்தேன். அவ போயிட்டான்னு நினைச்சேன். வூடு அமைதியா இருக்குது. இத்தினி வருசமா சாத்தின கதவுக்குள்ளதானே பாடியிருக்கேன், பழக்கம். மெதுவா எடுத்தேன். 'அண்ணா…' இன்னும் கொஞ்சம் நல்லா வந்துச்சு. இன்னொரு தரம் பாடினேன். அப்பால முழுப் பாட்டும் பாடினேன், முதல்லேருந்து கடைசி வரைக்கும், எந்த எடத்துலயும் தடங்கல் இல்ல. முடிச்சு மூச்சு வுட்டப்போ, வாசல்ல செருப்பு மாட்டற சத்தம் கேக்குது.

போகலைம்மா அவ! அம்மாம் நேரமும் கதவுக்கு அந்தாண்டை நின்னு கேட்டிருக்கா. திருடி.

நான் எழுந்து கதவைத் தொறக்கறதுக்குள்ள தெருமுனைக்குப் போயிட்டா. போறபோதே கையால தாளம் போட்டுக்கினு போறா. வாய் அசையுது. திரும்பிப் பாக்கலை.

நேத்து ராத்திரி அதைச் சொன்னா இவரு சிரிக்கிறாரு! மீசையத் தடவிக்கினு, 'நல்லதாப் போச்சு, இனிமே அந்தப் பாட்டு முழுசா நிக்கும்'ங்கிறாரு. நல்லதாம். எனக்கு வயிறு எரியுது, இவருக்கு நல்லதாம். அதான் காலையில துணிய எடுத்து பையில போட்டுக்கினு கிளம்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாடியே வந்தாரு, 'வா பவுனு, வூட்டுக்கு வா'ன்னு. எந்த வூட்டுக்கு? யாரு வூட்டுக்கு?

இரு, கண்டக்டரு குரல் குடுக்கறாரு. என் ஊரு வருது. காலை நகத்திக்கம்மா, அந்தப் பையை இப்படிக் குடு.

எங்க தம்பி ஊருக்குப் பக்கத்து ஊருல நாளன்னிக்கு இதே செட்டு கூத்து. எனக்கு வூட்டுலேருந்து கிளம்பறப்போ அது தெரியாது, பஸ் ஸ்டாண்டு நோட்டீஸுலதான் பாத்தேன். தெரிஞ்சாலும் வேற எங்க போறது, ஒரே தம்பி. திரௌபதி அவதான். பாடுவா. நான் தூக்கின மாதிரியே தூக்குவா, பாத்துக்கினே இரு. நான் போகப் போறதில்ல. யாரு கூப்புட்டாலும் அந்தக் கொட்டாய் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்.

ஆனா இப்போ இருக்கிற மைக்கு நாலு ஊருக்குக் கேக்குதும்மா. தம்பி வூட்டுத் தெரு நேரா அந்தப் பக்கம் பாத்துதான் இருக்குது. வூட்டுக்குள்ள வந்து வுழுந்தா நான் இன்னா பண்றது? காதைப் பொத்திக்கினா உக்கார முடியும், நீயே சொல்லு.